பேட்டரி வேண்டாத சென்சார்

தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் சென்சார் என்றால் ஏதோ நாளைய தொழில்நுட்பம் மாதிரி தோன்றும். ஆனா ரொம்ப வருஷமாக அது சமையலறையிலேயே இருக்கிறது. கேஸ் ஓவன்களிலும் சில அடுப்புகளிலும் பர்னரை ஒட்டி, பென்சில் முனை மாதிரி ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீங்க. அதுதான் தெர்மோகப்பிள். எனக்கு ரொம்பப் பிடித்த சென்சார். ஏன்னு சொல்றேன்.

பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தேங்கும். பிறகு ஒரு தீப்பொறி போதும். அதற்கு முன்னால் கேஸை மூடுவதுதான் இந்தக் கம்பியின் வேலை.

இரண்டு வேறு வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையை மட்டும் சூடாக்கினால் மின்சாரம் ஓடும். 1821இல் தாமஸ் ஸீபெக் இதைக் கண்டார். பக்கத்திலிருந்த திசைகாட்டி முள் திரும்பியதால், இது காந்த விளைவு என்றே அவர் நினைத்தார். மின்சாரம்தான் என்பது பிறகு தெளிவானது.

அடுப்புத் தீயில் இப்படிக் கிடைப்பது சுமார் 25 முதல் 30 மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. இதை வைத்து வால்வைத் திறக்க முடியாது. ஆனா நாம் குமிழை அழுத்தித் திறந்துவிட்டால், அதை மூடவிடாமல் பிடித்துவைக்கும் குட்டி மின்காந்தத்துக்கு இது போதும். பற்றவைத்த பிறகும் சில நொடி குமிழை அழுத்தியே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். கம்பி சூடேற வேண்டுமே! தீ அணைந்தால் கம்பி ஆறும், காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் வால்வைச் சாத்திவிடும்.

பேட்டரியில் ஓடும் சென்சார் சத்தமில்லாமல் இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, எல்லாம் சரியாக இருக்கிறது. இல்லையென்றால், பேட்டரி தீர்ந்துவிட்டது. எதுன்னு வெளியிலிருந்து தெரியாது. தெர்மோகப்பிளில் அந்தக் குழப்பம் இல்லை. எந்தத் தீயைக் கவனிக்கிறதோ, அதே தீதான் அதற்கு மின்சாரம். தீ போனாலும், கம்பியே அறுந்தாலும், கேஸ் நின்றுவிடும்.

இவ்வளவு கொஞ்ச மின்சாரத்தில் இந்த ஒரு வேலைதான் நடக்கும் என்பதும் உண்மை. ரேடியோவில் தகவல் அனுப்பும் சென்சார் என்றால், துளித்துளியாகச் சேமித்து, எப்போதாவது ஒரு கணம் பேசிவிட்டு அடங்க வேண்டியதுதான்.

அதனால் புதுசாக யாராவது இப்படி ஒரு சென்சாரைக் காட்டினால், எவ்வளவு மின்சாரம் வரும் என்று நான் முதலில் கேட்பதில்லை. அது நின்றுபோனால் என்ன ஆகும் என்றுதான் கேட்பேன்.