ஒடுங்கி நிற்கும் கோழி சொல்வது என்ன?

மண்சரிவு எச்சரிக்கையால் வீட்டை விட்டு வந்த ஒரு குடும்பம் முதலில் எண்ணிப் பார்ப்பது பிள்ளைகளை. அடுத்துத் தேடுவது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பையை. மழை சற்று ஓய்ந்ததும் யாராவது ஒருவர் திரும்பவும் மேலே போவார். கேட்டால், "கோழி நிக்குதுங்க" என்பார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பின்னரும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்த பின்னரும், ஆபத்தான சரிவுகளுக்கு ஆட்கள் திரும்பிப் போனதற்கு ஆடும் மாடும் கோழியும் ஒரு காரணமாக இருந்தன. அது தவறு என்று சொல்வது இலகு. ஆனால் கையில் வேறு எதுவுமே மிஞ்சாத குடும்பத்திற்கு ஆறு கோழி என்பது பிள்ளையின் கொப்பிக் காசு. காய்ச்சல் வந்தால் பஸ் காசு.

அப்படி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்த கோழிகள், புதிய இடத்தில் இரண்டு மூன்று கிழமைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். பொல்பிட்டியப் பகுதியில் குடியேறிய ஒரு தாய் தம் அனுபவத்தை எம்மிடம் சொன்னார். அவரிடம் ஆறு நாட்டுக்கோழிகள் இருந்தன. ஓர் உதவி நிறுவனம் மேலும் பத்துக் குஞ்சுகளைக் கொடுத்தது. மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்தார். ஒன்பதாம் நாள் இரண்டு குஞ்சுகள் இரை எடுக்கவில்லை. "குளிருக்குத்தானே" என்று சாக்கைப் போர்த்தினார். இரண்டாம் கிழமை முடிவதற்குள் பதினாறில் ஒன்றுதான் மீந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் தடுப்பூசி போட்ட குஞ்சா, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. எம்மைப் போன்றவர்களும் முன்னர் இப்படிக் குஞ்சு பகிர்ந்தவர்கள்தான் என்பதால் இதை எழுதும்போது எமக்கும் கூச்சமாகவே இருக்கிறது.

கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. கூட்டத்தில் நோஞ்சானைத்தான் கீரியும் பருந்தும் முதலில் குறிவைக்கும். மற்றக் கோழிகளும் அதைக் கொத்தும். ஆகவே நோய் கண்ட கோழி நிமிர்ந்து நிற்கப் பார்க்கும், இரை கொத்துவதுபோலப் பாசாங்கு செய்யும். இனி முடியாது என்ற நிலையில்தான் அது ஒடுங்கி உட்காரும். நாம் "இன்றைக்குத்தான் சுகமில்லை" என்று நினைப்பது பல வேளைகளில் நாலைந்து நாள் பழைய நோய். இதனால்தான் காலையில் கூட்டைத் திறக்கும் அந்த இரண்டு நிமிடம் முக்கியமானது. கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்கு ஓடாமல் சற்று நின்று பாருங்கள். முதலில் வெளியே ஓடி வருவது எது, கடைசியில் வருவது எது? இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை அரைவாசி மூடி நிற்பது எது? கொண்டையின் சிவப்பு மங்கிக் கருநீலமாகி இருக்கிறதா? தொண்டைப்பை காலையிலும் நேற்றைய இரையோடு கனத்துக் கிடக்கிறதா? கூட்டின் அடியில் எச்சம் எப்படி இருக்கிறது? இராத்திரி கோழி அடைந்த பின் காதைக் கொடுத்துக் கேட்டால் கர்கர் என்ற மூச்சுச் சத்தம் பகலை விடத் தெளிவாகக் கேட்கும்.

எச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பச்சை நிறத்தில் தண்ணீராகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பின் கழுத்து முறுக்கிக்கொண்டோ, காலும் இறக்கையும் விழுந்தோ கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் அது பெரும்பாலும் ராணிக்கெட் நோய். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் யாவாத் தீவிலும் இது கண்டறியப்பட்டது. அதற்கு அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தியாவின் ராணிக்கெட்டில் கண்டபோது அந்த ஊர்ப் பெயரே எம் பக்கத்தில் நிலைத்துவிட்டது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் இது புகுந்தால் ஏறத்தாழ எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். இது வைரசால் வருவது. இதற்கு மருந்து இல்லை. வந்தபின் எந்தக் குளிசையும் காப்பாற்றாது. ஆனால் வருமுன் போடும் சொட்டு மருந்து நன்றாகவே காப்பாற்றும்.

எச்சத்தில் இரத்தம் கலந்து, மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சுகள் சோர்ந்து கிடந்தால் அது இரத்தக் கழிச்சல். இது ஈரத்தில் வளரும் நுண்ணுயிரால் வருவது. உரிய நேரத்தில் கால்நடை வைத்தியர் தரும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பிழைக்கும். பிறந்த இரண்டு மூன்று கிழமைக்குள் வெள்ளையாகக் கழிந்து பின்புறம் ஒட்டிப்போய்ச் சாகும் குஞ்சுகளுக்குச் சல்மொனெல்லா கிருமி காரணமாக இருக்கலாம். அது தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரக்கூடியது. அப்படியான தாய்க்கோழியின் முட்டையை மறுபடி அடை வைக்காதீர்கள். முகம் வீங்கி மூக்கில் நாற்றச் சளி வடிந்தால் அது கிருமிச் சளி, அதற்கும் மருந்துண்டு. கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருப்பருவாகக் காய்ப்பது அம்மை, நுளம்பால் பரவுவது. வெளியே மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வாய்க்குள் மஞ்சள் படலமாகப் படர்ந்தால் மூச்சடைத்துச் சாகும். பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வீங்கி நொண்டினால், ஈரத் தரையிலும் கூரான சிராய்களிலும் நின்று ஏற்பட்ட புண்ணுக்குள் சீழ் கட்டிவிட்டது என்று அறியலாம்.

இவற்றில் பாதியேனும் ஈரத்தோடு சம்பந்தப்பட்டவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எம் பகுதியின் பெருஞ்சிக்கலே அதுதான். பக்கத்து வட்டவளை இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். வரண்ட பிரதேசங்களுக்காக எழுதிய கைநூலில் உள்ள மண் தரைக் கூடு இங்கே சரிவராது. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கால் நட்டு, கவ்வாத்து மிலாறில் நேரான கம்புகளைத் தெரிந்து விரல் நுழையாத இடைவெளியில் அடித்தால் எச்சம் கீழே விழும், கால் காயும். மழை அடிக்கும் பக்கத்தைத் தகரத்தாலோ பொலித்தீனாலோ மறைக்கலாம். நான்கு பக்கத்தையும் மூடிவிடுவதுதான் பலரும் விடும் பிழை. குளிர் என்று இறுக மூடிய கூட்டில் எச்சத்தின் காரமான ஆவி தங்கி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில்தான் கிருமி ஏறும். கோழி நிற்கும் உயரத்துக்கு நீங்கள் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது. கீழே மரத்தூளோ காய்ந்த மானாப்புல்லோ பரப்பி, ஈரமான இடத்தை மட்டும் அன்றாடம் அள்ளி எடுத்தாலே போதும். அள்ளியதை மக்கவிட்டு மரக்கறித் தோட்டத்துக்கு இடலாம்.

குஞ்சுகளின் கதை வேறு. அவற்றுக்கு முதற் கிழமையில் 32 முதல் 35 பாகை சூடு தேவை. பின் கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். வெப்பமானி தேவையில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். மூலைக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரந்து படுத்தால் சரி. ஒரு மின்குமிழ் போதும்தான். ஆனால் 1969ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கு மின்சாரம் அனுப்பும் நிலையத்தின் பெயரில் உள்ள இந்த ஊர்ப் பக்கத்திலும், தற்காலிகக் கொட்டிலில் இருப்பவருக்கு மின்குமிழ் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியில் சுற்றி வைக்கலாம். மூடிய அறையில் கரிச்சட்டி வைக்கவே கூடாது. குஞ்சுக்கு மட்டுமன்றி உங்களுக்கும் ஆபத்து. எல்லாவற்றிலும் நல்லது அடைகாத்த நாட்டுக்கோழிதான். அதற்கு ஈடான இயந்திரம் இல்லை.

புதிதாக வரும் கோழியை, அது வாங்கியதோ, தானமாகக் கிடைத்ததோ, சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததோ, மூன்று கிழமைக்குத் தனியே வைக்க வேண்டும். ராணிக்கெட் கிருமி உடலுக்குள் போய் இரண்டு கிழமை வரைகூட வெளிக்காட்டாமல் இருக்கும். தனிக்கூடு இல்லாதவர் ஒரு கூடையையோ உடைந்த பெட்டியையோ வீட்டின் மறுபக்கம் வைக்கலாம். முதலில் பழைய கோழிகளுக்கு இரை போட்டுவிட்டு, கடைசியில் புதியவற்றிடம் போங்கள். பின் கையையும் செருப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுத்த வீட்டில் கோழி செத்தால் அங்கே போன காலோடு உங்கள் கூட்டுக்குள் நுழையாதீர்கள்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். கூட்டில் இரண்டு செத்தவுடன் மிச்சத்தை மலிவு விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம் எம்மிடையே உண்டு. காசு முடையில் இருப்பவரைக் குற்றம் சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கோழி பஸ்ஸில் ஏறிக் கினிகத்தேனைக்கோ ஹட்டனுக்கோ போய்ச் சேரும்போது நோயும் சேர்ந்தே போகிறது; வாங்குபவரும் பெரும்பாலும் எம்மைப் போல் இடம்பெயர்ந்த ஒருவர்தான். செத்ததை ஓயாவில் எறிவதும் அப்படியே. மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகின்றன. அந்தத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது. பீலிக்குத் தூரமாக, சரிவில்லாத இடத்தில், நாய் தோண்டாதபடி மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். புதைப்பதற்கு முன் ஒன்று: காரணம் தெரியாமல் செத்த கோழியில் ஒன்றை, அன்றே, இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றிக் கால்நடை வைத்திய அலுவலகத்திற்குக் கொண்டுபோனால், அறுத்துப் பார்த்து நோயைச் சொல்லக்கூடும். வெறுங்கையால் தொடாதீர்கள், நீங்களே அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். ஒரே நாளில் பல கோழிகள் திடீரெனச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால் அங்கே உடனே அறிவிக்க வேண்டும். மனிதரையும் தொற்றும் அந்த நோய் 1997இல் ஹொங்கொங்கில் உயிர்களைக் கொண்டுபோனது.

சல்மொனெல்லாவும் கோழியோடு நிற்பதில்லை. குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சிய கையோடு ரொட்டி தின்னும் சிறு பிள்ளைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரலாம். பிள்ளைகள் பிடித்து டின்னில் வளர்க்கும் ஓணான், ஆமை போன்றவற்றிலும் இக்கிருமி உண்டு. அவற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். குஞ்சோடு விளையாடட்டும், கையைக் கழுவட்டும்.

பிள்ளைகளுக்கு வாங்கிய கிருமிநாசினி மாத்திரையில் மிச்சத்தை உடைத்துக் கோழிக்குக் கொடுப்பதையும் காண்கிறோம். வைரசு நோயில் அது வீண். மற்ற நோய்களில் அரைகுறை அளவு கொடுத்தால் கிருமி அம்மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து பிள்ளைக்கும் வேலை செய்யாமல் போகலாம். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்றும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பு மருந்துக்கு வருவோம். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதுமான மருந்து இருக்கும். கரைத்தபின் ஓரிரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கினால் நட்டம். வாங்காமல் விட்டால் அதைவிட நட்டம். ஆகவே ஒரு லயத்தார், அல்லது ஒரு முகாமில் உள்ளோர், சேர்ந்து ஒரு நாளைக் குறிப்பதே வழி. கோழிகளைக் கணக்கெடுத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் முற்கூட்டியே சொல்லி வையுங்கள். சாதாரண மருந்தை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டும்; ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவரலாம், வெயிலில் வைக்கக் கூடாது. முதல் நாள் இரவே கோழிகளைக் கூடையில் அடைத்துவிட்டால் காலையில் ஓடிப்பிடிக்க வேண்டியதில்லை. சுகமுள்ள கோழிக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டு. கண் சிமிட்டி உள்ளே போகும்வரை பிடித்திருங்கள். பலன் பிடிக்க இரண்டு கிழமை செல்லும். அன்றைய தேதியை வீட்டுக் கலண்டரில் எழுதி, அடுத்த சொட்டு எப்போது என்பதையும் வைத்தியரிடம் கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.