தண்டுநீர்க் கசிவைத் தடுத்தல்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து முதுகு நொந்தோர் பலர், முதுகெலும்பு அறுவை என்றாலே அஞ்சுவர். அவ்வச்சம் முழுதும் பொய்யன்று. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரைத் தாங்கும் உறை, அறுவையின்போது தற்செயலாகக் கிழிவதுண்டு. நீர் கசிந்தால், எழுந்து அமர்ந்ததும் தலை வலிக்கும். கிருமி புகின் மூளையுறை அழற்சியும் நேரலாம்.

கிழிசலை நுண்ணிய நூலால் தைப்பதே முதற்காப்பு. ஊசித் துளையிலும் நீர் கசியுமாதலால், மேலே பசை இடுகின்றனர். அந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மனித இரத்தத்தினின்று ‘பைப்ரின்’ பசையை உருவாக்கியுள்ளது. இரு கரைசல்கள் கலந்தவுடன் இரத்தம்போலவே உறையும். செயற்கைப் பசைகளுள் சில நீரை உறிஞ்சி உப்பி, நரம்பையே அழுத்தியதுண்டு. ஆதலின் உப்பாத பசையை ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர். தைத்தபின் நாட்கணக்கில் படுத்தே கிடக்கவேண்டுமா என்பதும் இன்று வினாவாகியிருக்கிறது.