நாய் ஏன் தரையில் தேய்க்கிறது?

கோட்டூர்புரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், பக்கத்து வீட்டார் பக் இன நாய் ஒன்றை வளர்க்கிறார்கள். ஒரு நாள் மாலை விருந்தினர் வந்திருந்தபோது, அது பின்னங்கால்களை முன்னே நீட்டி, புட்டத்தைத் தரையில் பதித்து, முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போயிற்று. குழந்தைகள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் அதட்டினார். “வயிற்றில் பூச்சி” என்றார் ஒருவர். பூச்சி மருந்து கொடுத்தார்கள். தேய்ப்பது நிற்கவில்லை. சில நாட்களில், நாய் படுத்திருந்த இடமெல்லாம் கருவாட்டு நாற்றம் வீசத் தொடங்கியது.

அந்த நாய் செய்தது வேடிக்கையும் அல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. வாய் பேசாத பிராணி தன் வலியை அப்படித்தான் தெரிவித்தது. வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

கடிகாரத்தில் நான்கும் எட்டும்

நாயின் ஆசனவாயை ஒரு கடிகாரத்தின் முகப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி இருக்கும் இடத்தில் ஒன்றும், எட்டு மணி இருக்கும் இடத்தில் ஒன்றுமாக, தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உள்ளன. இவற்றுக்குக் குதப்பைகள் என்று பெயர். பேச்சு வழக்கில் ‘ஏனல் கிளாண்டு’ என்பார்கள். உண்மையில் சுரப்பிகள் இருப்பது பையின் உட்சுவரில். அவை சுரக்கும் நீர் பையில் சேர்கிறது. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு குறுகிய நாளம் ஆசனவாயின் விளிம்பில் வந்து திறக்கிறது.

பைகள் அமைந்திருக்கும் இடம்தான் முக்கியம். ஆசனவாயைச் சுற்றி உள்வளையமாக ஒரு தசையும், வெளிவளையமாக மற்றொரு தசையும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பைகள் சிக்கியிருக்கின்றன. கெட்டியான மலம் வெளியே வரும்போது உள்ளிருந்து அழுத்துகிறது. தசைகள் வெளியிலிருந்து இறுக்குகின்றன. இரு விரல்களுக்கிடையே அகப்பட்ட எலுமிச்சைத் துண்டுபோலப் பை பிழியப்பட்டு, சில துளிகள் மலத்தோடு வெளியேறுகின்றன. ஆரோக்கியமான நாய்க்கு இந்த வேலையை வேறு யாரும் செய்ய வேண்டியதில்லை.

மணமே முகவரி

இந்தத் துளிகளால் என்ன பயன்? இரண்டு நாய்கள் தெருவில் சந்தித்ததும் ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று முகர்வதைப் பார்த்திருப்பீர்கள். பையில் வாழும் பாக்டீரியாக்கள் சுரப்பு நீரைச் சிதைப்பதால், எளிதில் ஆவியாகும் அமிலங்கள் முதலிய பல பொருள்கள் உண்டாகின்றன. இவற்றின் கலவையிலிருந்து எழும் மணம், ஒரு நாய் இன்னொன்றை அடையாளம் காண உதவுகிறது என்று கருதப்படுகிறது. மிரண்டுபோன நாய் சட்டென்று பையைக் காலி செய்துவிடுவதும் உண்டு. வட அமெரிக்காவின் ஸ்கங்க் என்னும் பிராணி இதே உறுப்பைப் போர்க்கருவியாக்கி, எதிரியின் முகத்தில் நாற்ற நீரைப் பீய்ச்சுகிறது. நம் நாட்டுப் புனுகுப் பூனையிடமிருந்து கிடைக்கும் புனுகு வேறு. அது வாலடியில் உள்ள மற்றொரு சுரப்பியிலிருந்து வருவது.

அடைப்பிலிருந்து கட்டி வரை

பை காலியாகாமல் தங்கிவிட்டால் உள்ளிருக்கும் நீர் கெட்டிப்பட்டுக் களிம்பாகிறது. நாளம் அடைபடுகிறது. இது முதல் கட்டம். நாய் தரையில் தேய்க்கும், பின்புறத்தை ஓயாமல் நக்கும், வாலைத் துரத்தும், உட்காரத் தயங்கும். இரண்டாவது கட்டத்தில் நோய்க்கிருமிகள் பெருகிப் பை அழலுகிறது. மூன்றாவது கட்டத்தில் சீழ் கட்டி, தோல் சிவந்து புடைத்து, ஒரு நாள் உடைந்து வடிகிறது. அந்த வலி மிகக் கொடியது.

இது அரிய நோய் அன்று. பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் நூற்றுக்கு நான்கு நாய்களுக்கு மேல் இத்தொல்லை காணப்பட்டதாகக் கூறுகிறது.

பூச்சி என்று சொன்னவரும் முற்றிலும் தவறிவிடவில்லை. நாடாப்புழு இருந்தாலும் நாய் தேய்ப்பதுண்டு. அப்போது மலத்திலோ வாலடியிலோ அரிசி மணி போன்ற துண்டுகள் ஒட்டியிருக்கும். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் ஒருவகை நாடாப்புழு நாய்க்குப் பரவுகிறது. ஆனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் பூச்சி மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தால், நிறைந்த பை சீழ்க்கட்டியாகும் வரை காலம் வீணாகும்.

திரும்பத் திரும்ப வருவது ஏன்?

பக்கத்து வீட்டு நாய்க்கு மருத்துவர் பையைப் பிதுக்கிக் காலி செய்தார். அன்றே சுகம். மூன்று வாரத்தில் மீண்டும் அதே கதை. மீண்டும் பிதுக்கல். அந்த ஆண்டு முழுவதும் இப்படியே கழிந்தது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிதுக்குவது நிறைந்த பையைக் காலி செய்யுமே தவிர, அது ஏன் நிறைகிறது என்பதைத் தீர்க்காது. தொல்லை இல்லாத நாய்க்கு வழக்கமாகப் பிதுக்குவதும் நல்லதன்று. பழக்கமில்லாதவர் கையால் அடிக்கடி அழுத்தினால் திசு நொந்து வீங்கும். வீங்கினால் நாளம் மேலும் குறுகும்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பை தானாகக் காலியாகாதது ஏன்?

முதற்காரணம், மலம் இளகிப் போவது. மலம் கெட்டியாக இல்லாவிட்டால் உள்ளிருந்து அழுத்தம் ஏது? இரண்டாவது, உடல் பருமன். மூன்றாவது, பலர் கவனிக்காதது, ஒவ்வாமை. தெள்ளு, தூசிச் சிற்றுயிர், சில உணவுகள் ஆகியவற்றால் தோல் அரிக்கும் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றியும், பையின் வாய்ப்புறத்திலும் வீக்கம் காணும். காதும் பாதமும் சேர்ந்து அரித்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். நான்காவது, பிறவி அமைப்பு. சில சிறிய இனங்களில் இத்தொல்லை அதிகம்.

குறிப்பேடு சொன்ன செய்தி

பக்கத்து வீட்டார் ஒரு குறிப்பேடு வைத்தார்கள். நாய் என்ன தின்றது, மலம் எப்படி இருந்தது, என்று தேய்த்தது என மூன்றே விவரங்கள். இரண்டு மாதத்தில் உண்மை புலப்பட்டது. காலையில் பால், நண்பகல் தயிர்சாதம், நடுவே பிஸ்கட்டு. மலம் பெரும்பாலும் கூழாகவே இருந்தது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை.

மருத்துவரின் யோசனைப்படி பாலும் பிஸ்கட்டும் நின்றன. அளவான சாதத்துடன் வேகவைத்த கோழிக்கறி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த பரங்கிக்காய் கொடுக்கப்பட்டன. நார்ப்பொருள் மலத்தின் பருமனைக் கூட்டும். சிலருக்கு இசப்கோல் உமியையும் மருத்துவர் சொல்வார். அதோடு தண்ணீர் தாராளமாக வேண்டும். மாலையில் நடையும் கூடிற்று. எடை குறைந்தது. தொல்லை அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றாயிற்று. அதுவே அந்த நாய்க்குப் பெரிய விடுதலை.

உணவு மாற்றியும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் வேறு வழிகள் உண்டு. பையை உப்பு நீரால் கழுவி, உள்ளே மருந்து செலுத்துவது ஒன்று. ஒவ்வாமையைக் கண்டறிந்து அதற்கு மருத்துவம் செய்வது மற்றொன்று. கடைசி வழி, பைகளையே அறுத்து எடுத்துவிடுவது. பைகள் இல்லாமல் நாய் நன்றாகவே வாழும். ஆனால் மலத்தை அடக்கும் தசையும் நரம்பும் பக்கத்திலேயே உள்ளன. அவை சேதமானால் நாய் மலத்தை அடக்க முடியாமற் போகலாம். பையின் உட்சுவர் சிறிது எஞ்சினாலும் புண் புரையோடலாம். ஆகவே அழற்சி அடங்கிய பிறகு, தேர்ந்த அறுவை மருத்துவரைக் கொண்டே செய்ய வேண்டும்.

தாமதம் கூடாத வேளை

வாலடியில் சிவந்த வீக்கம், இரத்தம், சீழ், காய்ச்சல், மலம் கழிக்கும்போது அலறல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வீட்டில் பிதுக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வயதான நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி தட்டுப்பட்டு, தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும் மிகுந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. பையின் சுரப்பியில் வரும் புற்றுநோய் இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தி இக்குறிகளைக் காட்டக்கூடும்.

சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நாய் சொல்ல முடியாததை அது சொல்லும்.

அடுத்த முறை ஒரு நாய் தரையில் தேய்ப்பதைக் கண்டால் சிரிக்கவோ அதட்டவோ வேண்டாம். வாலைத் தூக்கிப் பாருங்கள். பிறகு, அதன் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.