டோர்பெல்: குளிர்காலத்தில் எத்தனை மாடு?

அலுவலக வேலையாக சூரிச் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை மிச்சம் கிடைத்தது. கூட வந்தவர்கள் பனிமலை பார்க்கக் கிளம்பினார்கள். நான் டோர்பெல் போறேன் என்றேன். "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். "மாட்டுக் கொட்டகை" என்றேன். சிரித்தார்கள். நிஜமாகவே அதைப் பார்க்கத்தான் போனேன்.

டோர்பெல், வாலே மாநிலத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள சின்ன ஊர். ஃபிஸ்ப் வரை ரயில், அங்கிருந்து மஞ்சள் நிற போஸ்ட் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று சுரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுகிறது. செப்டம்பர் மாதக் கடைசி. தெருவில் ஆளே இல்லை. மர வீடுகள் எல்லாம் வெயிலில் கருத்துப்போய் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தானியக் களஞ்சியங்களைக் குட்டையான கால்கள் மீது தூக்கிக் கட்டி, ஒவ்வொரு கால் மேலும் வட்டமான கல் பலகை ஒன்றை வைத்திருக்கிறார்கள். எலி ஏறாமல் இருக்க.

சரி, கொட்டகைக்கு வருவோம்.

காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய 'பொதுச்சொத்தின் அவலம்' கட்டுரை பலருக்குத் தெரிந்திருக்கும். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று சேர்ப்பார்கள், கடைசியில் புல்லே மிஞ்சாது. ஆகவே ஒன்று அரசு கட்டுப்படுத்த வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இருபது வயதுகளில் இதைப் படித்துவிட்டு எத்தனையோ டீக்கடை விவாதங்களில் நான் ஜெயித்திருக்கிறேன். எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதிய புத்தகத்தைத் தாமதமாகத்தான் படித்தேன். (2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், அந்தத் துறையில் முதல் பெண்.) அதில் என் வாதத்தை உடைத்த ஊர் டோர்பெல். அங்கே பல காலம் ஆய்வு செய்த மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங் திரட்டிய விவரங்களை வைத்து அவர் எழுதியிருக்கிறார்.

டோர்பெல்காரர்கள் 1483-இல் கூடி, மலை மேய்ச்சல் நிலம், காடு, தரிசு ஆகியவற்றை நிர்வகிக்க ஒரு சங்கம் அமைத்து எழுதி வைத்துக்கொண்டார்கள். வீட்டுத் தோட்டமும், தானிய வயலும், காய்ந்த புல்லுக்கான புல்வெளியும் தனியார் சொத்து. மேலே இருக்கும் பெரிய மேய்ச்சல் நிலம் மட்டும் எல்லோருக்கும் பொது. 1517-இல் ஒரு விதி வந்தது: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் மேலே அனுப்பலாம். அவ்வளவுதான் விதி.

கொட்டகை முன்னால் நின்றபோதுதான் இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று உறைத்தது. பனிக்காலத்தில் வெளியே ஒரு புல் கிடையாது. மாடு உள்ளேயே நின்று, கோடையில் சேர்த்த காய்ந்த புல்லைத்தான் தின்ன வேண்டும். அந்தப் புல் வருவது அவரவர் சொந்தப் புல்வெளியிலிருந்து. ஆக, உன் நிலமும் உன் கொட்டகையும்தான் உன் ஒதுக்கீடு. அது தெருவில் போகிற எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நாங்கள் சர்வரில் ஒதுக்கீடு வைத்தால் லாக் எழுத வேண்டும், அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இங்கே கொட்டகையேதான் லாக். கண்காணிக்கவும் ஓர் ஊர் அதிகாரி இருந்தார். மீறுகிறவர்களிடம் வசூலிக்கும் அபராதத்தில் பாதி அவருக்கே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பார்!

விறகு விஷயம் இன்னும் பிடித்தது. வெட்ட வேண்டிய மரங்களை வன அலுவலர் குறித்துக் கொடுப்பார். உரிமையுள்ள குடும்பங்கள் சேர்ந்து வெட்டி, இழுத்து வந்து, ஏறக்குறைய சமமான குவியல்களாக அடுக்குவார்கள். எந்தக் குவியல் யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில்தான் தெரியும். அடுக்கும்போது ஒருத்தரும் ஏமாற்ற முடியாது.

ரொம்பப் புகழவும் வேண்டாம். புல்வெளி அதிகம் வைத்திருந்தவருக்குத்தான் அதிக மாடு. விதி புல்லைக் காத்தது, ஏழையை அல்ல. இன்னொன்று, வெளியாள் ஊரில் நிலமே வாங்கினாலும் பொது நிலத்தில் அவருக்கு உரிமை கிடையாது என்பதும் 1483-இலேயே எழுதிவிட்டார்கள். வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்து, பதினெட்டு வருடமாக வெளியாளாகவே இருக்கும் எனக்கு அந்த வரி கொஞ்சம் குத்தியது. ஆனால் எல்லை இல்லாமல் பொதுச்சொத்து நிலைக்காது என்று ஆஸ்ட்ரம் தன் கொள்கைகளில் முதலாவதாகச் சொல்வதும் இதைத்தான். இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஒரு பெரியவர் தொட்டியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அரைகுறை ஜெர்மனில், "உங்களுக்கு எத்தனை மாடு?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "மாடு எங்கப்பா காலத்தோட சரி. இப்ப செம்மறி ஆடுதான். பையன் கீழ ஃபிஸ்ப்ல தொழிற்சாலைக்குப் போறான்" என்றார். பக்கத்துக் கொட்டகைக்குள் கறுப்பு மூஞ்சி ஆடுகள் எட்டு நின்றன. மேலே பரணில், கூரை முட்டக் காய்ந்த புல்.

நாலரை மணி பஸ்ஸில் இறங்கிவிட்டேன். இந்தச் சரிவுகளில் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களை, அவற்றின் முறைவைப்பை, இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.