கட்டைவிரல் வலியும் சண்டை விளையாட்டுகளும்

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற வீடியோ கேம்களில் ஒரு சிறப்புத் தாக்குதலுக்கே கட்டைவிரல் திசைப் பொத்தானின்மீது கால்வட்டமாகச் சுழல வேண்டும். ஒரே அமர்வில் இவ்வசைவு நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது.

கட்டைவிரலை விரிக்கும் இரு தசைநாண்கள் மணிக்கட்டருகே குறுகிய உறையொன்றினுள் செல்கின்றன. ஓயாத அசைவால் அவ்வுறை தடித்தால் வலி தோன்றும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895-இல் விவரித்த இந்நோய், அவர் பெயராலேயே வழங்குகிறது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடமும் இதனைக் காண்கிறோம்.

தடுப்பது எளிது. பொத்தானை மெல்ல அழுத்தினாலே போதும்; தோற்கும் வேளையில் பிடி இறுகுவதைக் கவனியுங்கள். மணிக்கட்டை வளைக்காது நேராக வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை கருவியைக் கீழே வைத்து விரல்களைத் தளர்த்துங்கள். தொடர்ந்து விளையாடுவோர், முழுக்கையாலும் இயக்கத்தக்க பெரிய ஜாய்ஸ்டிக்கைப் பயன்படுத்தலாம்.

வலி தொடங்கினால் அன்றைய ஆட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றுங்கள். எண்ணெய் தேய்த்து நீவுவதும் நெட்டி முறிப்பதும் வேண்டா.

எழுதுகோல் பிடிக்கவோ சட்டைப் பொத்தானிடவோ வலித்தால், விரல் மரத்தால், அல்லது ஓய்வுக்குப் பின்னும் இரு வாரம் வலி நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். தொடக்கத்திலேயே வந்தால் பலருக்குக் கட்டைவிரல் அணைப்பட்டையும் ஓய்வுமே போதுமானவை. நாள்பட்டால் ஊசியும், சிலருக்கு அறுவையும் தேவைப்படலாம்.

பெற்றோரே, வலியைச் சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி மறைக்கப்படும் வலியே எங்களிடம் காலந்தாழ்ந்து வருகிறது.