பொதிகைக் காட்டில் ஜாம்பவானின் குலம்

“கரடி உலவும் காடாயிற்றே! அங்கே போய் இரவு தங்கத்தான் வேண்டுமா?”

தை, மாசி மாதங்களில் நண்பர்களோடு பொதிகைமலைக்குப் புறப்படும் பிள்ளைகளிடமும் பேரன்மாரிடமும் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்குரிய விடை அம்மலைப்பாதையிலும் இருக்கிறது. நம் இதிகாச புராணங்களிலும் இருக்கிறது.

கயிலையில் அம்மையப்பரின் திருமணம் காண அனைவரும் திரண்டபோது வடதிசை தாழ்ந்தது, தென்திசை உயர்ந்தது. நிலத்தைச் சமன்செய்யும் பொருட்டு இறைவன் தென்னாட்டுக்கு அனுப்பியருளிய குறுமுனி அகத்தியர். அவர் இன்றும் அரூபமாக உறைவதாகப் பக்தர்கள் போற்றும் மலை பொதிகை. தாமிரபரணித் தாய் பிறப்பதும் இம்மலைத் தொடரிலேதான். இதன் சிகரமாகிய அகத்தியர்கூடம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில், கேரளத்தின் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அமைந்திருக்கிறது. மறுபுறம் இருப்பது நம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம்.

மூன்று நாள் யாத்திரை

மகர விளக்குக் காலத்தையொட்டிக் கேரள வனத்துறை யாத்திரைக்கு அனுமதி வழங்குகிறது. திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டப் பகுதியை அடைந்தால், அங்கிருந்து நடை தொடங்கும். வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுவோர், ஆறுகளையும் ஓடைகளையும் கடந்து, புல்வெளியும் செங்குத்தான ஏற்றமும் ஏறி, மாலையில் அதிருமலை முகாமை அடைகின்றனர். முகாமைச் சுற்றி யானைகள் புகாதவாறு அகழி வெட்டப்பட்டுள்ளது. சூடான கஞ்சி, படுக்க ஒரு பாய் – அவ்வளவே அங்குள்ள வசதி. சனிக்கிழமை சிகர தரிசனம் முடித்து மீண்டும் அதே முகாமில் தங்கி, ஞாயிறன்று கீழிறங்க வேண்டும். வழித்துணையாக வருபவர்கள் தலைமுறை தலைமுறையாக அம்மலையில் வாழும் காணி மக்கள்.

மதுவும் புகையிலையும் நெகிழிப் பொருள்களும் அங்கே கூடா. பூசைப் பொருள்களுக்கும் தடை உண்டு என்பதைக் கேட்டுச் சிலர் மனம் வருந்தக்கூடும். ஆயினும், காய்ந்த சருகின்மேல் விழும் ஒரு கற்பூரத் துண்டு காட்டையே எரித்துவிடும். எறிந்துவிட்டு வரும் பழமும் வெல்லமும் விலங்குகளை மனிதர் நடக்கும் வழிக்கு வரவழைத்துவிடும். அவற்றுள் முதன்மையானது கரடி.

கரடியின் இயல்பு

நம் காடுகளில் வாழும் தேன்கரடிக்குக் கண்பார்வையும் செவிப்புலனும் குறைவு. மோப்ப ஆற்றலோ மிக அதிகம். கரையானும் எறும்பும் தேனும் காட்டுப் பழங்களுமே அதன் உணவு. மேல்வரிசையின் நடுவில் இரண்டு பற்கள் இல்லாத அமைப்பு, கரையானை உறிஞ்சி உண்பதற்கென்றே படைத்தவன் அளித்தது போலும்! நீண்ட நகங்களால் புற்றைக் கிளறி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு அது உறிஞ்சும் ஓசை நெடுந்தூரம் கேட்கும்.

அவ்வாறு உண்பதில் ஆழ்ந்திருக்கும் கரடி, மனிதர் அருகில் வந்துவிட்டதை அறிவதில்லை. திடீரென நிமிர்ந்து பார்க்கையில் திகைத்து, தற்காப்புக்காகவே பாய்கிறது. குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் தாய்க்கரடியாக இருப்பின் சீற்றம் இன்னும் கடுமையாக இருக்கும்.

எனவேதான் அக்காட்டில் தனியே செல்லலாகாது. குழுவாக, இயல்பான குரலில் பேசியபடி நடந்தால் கரடி முன்னரே அறிந்து விலகிவிடும். யானை நடமாடும் இடங்களில் வழித்துணைவர் கைகாட்டினால் அக்கணமே மௌனம் காத்து நின்றுவிட வேண்டும். எதிரே கரடி தென்பட்டால் ஓடுதல் கூடாது; கல்லெறிதலும் கூடாது. ஒன்றுசேர்ந்து மெல்லப் பின்வாங்கி வழிவிட வேண்டும். இருட்டிய பின் முகாமை விட்டு வெளியேறுவது கூடவே கூடாது.

இதையே பாகவதம் கதையாகச் சொல்கிறது. சியமந்தக மணியைத் தேடிச் சென்ற கண்ணன் ஒரு குகைக்குள் நுழைந்தான். உள்ளே ஒரு குழந்தை அம்மணியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அந்நியனைக் கண்ட செவிலி அலறினாள். அலறல் கேட்டு ஓடிவந்த கரடி வேந்தன் ஜாம்பவான், வந்தவர் இன்னார் என்று அறியாமலேயே போர் தொடுத்தான். இருபத்தெட்டு நாள் நீண்டது அப்போர். எதிரே நிற்பவன் தன் ஆண்டவனே என்று உணர்ந்ததும் அவன் சினம் அடங்கிற்று. மணியோடு மகள் ஜாம்பவதியையும் அளித்துப் பணிந்தான். தன் இருப்பிடத்தில், தன் குழந்தையின் அருகே அறிமுகமில்லாதவரைக் கண்டால் கரடி என்ன செய்யுமோ, அதைத்தான் ஜாம்பவானும் செய்தான். பரம்பொருளுக்கே அந்நிலை என்றால், நாம் எம்மாத்திரம்! பொதிகையில் கரடி இல்லத்தார், நாம் விருந்தினர்.

சிகரத்தில் தரிசனம்

கடைசி ஏற்றத்தில் வழுக்குப் பாறைகளில் கயிற்றைப் பற்றித்தான் ஏற வேண்டும். ஏறி முடித்தால் திறந்த வானின்கீழ் அகத்தியரின் கற்சிலை. அங்கே கோபுரமில்லை, விமானமில்லை. மஞ்சு தவழ்ந்து முனிவரை மறைப்பதும் விலகிக் காட்டுவதுமே திரையும் தீபாராதனையும். மலரின்றி, கற்பூரமின்றிக் கைகூப்பி நிற்கும் அன்பர், வழியெல்லாம் காத்துவந்த அடக்கத்தையே அர்ச்சனையாகச் சமர்ப்பிக்கிறார்.

ஏற இயலாத முதியோர் ஏங்க வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் பாபநாசத்தில் பாபநாசநாதர் திருக்கோயில் இருக்கிறது. அகத்தியருக்கு அம்மையப்பர் திருமணக் காட்சி அருளிய தலம் அது. சித்திரை விசுத் திருவிழாவில் அக்காட்சியைக் கண்டு மகிழலாம்.

கடற்கரையில் வானரர்கள் கலங்கி நின்ற வேளையையும் அவர்கள் நினைத்துக்கொள்ளலாம். இளமையில் திரிவிக்கிரமனை வலம்வந்த ஜாம்பவானுக்கு அப்போது கடலைத் தாண்டும் வலிமை இல்லை. முதுமை வந்திருந்தது. ஆனாலும் அவன் சொன்ன சொல்லே அனுமனுக்கு அவனது ஆற்றலை நினைவூட்டி விண்ணில் எழச்செய்தது.

ஆகவே, மலைக்குப் புறப்படும் பேரனை அச்சம் காட்டித் தடுக்க வேண்டாம். நெற்றியில் நீறிட்டு, “கூட்டத்தை விட்டுப் பிரியாதே. காணிக்காரர் சொல்வதைக் கேள். காட்டில் எதையும் எறியாதே. கரடியைக் கண்டால் வழிவிடு” என்று சொல்லி அனுப்புங்கள். மூத்தோர் சொல்லும் முனிவர் அருளும் துணையிருக்க, அவன் நலமே சென்று திரும்புவான்.

குறுமுனி திருவடிகள் போற்றி!