சிற்றுருவ இரயிற் பெட்டி

பெரிய பொருளைச் சிறிதாகச் செய்து பார்த்து மகிழ்தல் மக்கட்கு இயல்பான விருப்பம். வீதியிலே பெருந்தேர் ஓடக் கண்ட குழந்தை, வீடு திரும்பியதும் சிறுதேர் வேண்டுமென்று அழும். பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவம் என ஒன்று வகுக்கப்பட்டிருத்தலை நீங்கள் அறிவீர்கள். ஆயின், விளையாட்டுத் தேர் செய்யும் தச்சர் பெருந்தேரை அளந்து பார்ப்பதில்லை. நான்கு சக்கரமும் ஒரு கூம்பும் இருந்தாற் போதும். குழந்தை அதனைத் தேரென்றே கொள்ளும். சிற்றுருவம் என்று யான் இங்குக் கூறுவது அத்தகையதன்று. மூலப்பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்திற் குறைத்துச் செய்வது அது. படிமம் வார்க்கும் தபதி, படிமம் ஒரு சாணாயினும் ஓர் ஆளுயரமாயினும், முகத்தின் நீளத்தையே அளவாகக் கொண்டு ஏனைய உறுப்புகளை அமைக்கின்றார் அல்லரோ? அம்முறையோடு உறவுடையது இது.

மேலை நாடுகளில் இரயில் வண்டிகளைச் சிற்றுருவமாகச் செய்யும் கலை நூறாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகின்றது. அங்கு வழங்கும் அளவுகளுள் எச்.ஓ. என்பது மிகப் பரவியது. அதன்படி மூலத்தில் 87 மில்லிமீட்டர் உள்ளது சிற்றுருவத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் கணக்குகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

சென்ற கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்பு முடித்திருந்த என் பேத்தி, பெரம்பூர்ப் பெட்டி ஒன்றை இவ்வளவிற் செய்யத் தொடங்கினாள். பெரம்பூர் இரயிற் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் அமைப்பைத் தழுவி அங்கே உருவான எஃகுப் பெட்டிகள் நாடெங்கும் ஓடின. 2018 ஜனவரியோடு அவ்வமைப்பிற் பெட்டி செய்தல் அங்கு நின்றுபோயிற்று. யான் பல்லாண்டு பயணம் செய்தவை அப்பெட்டிகளே; ஆதலின் பேத்தியின் முயற்சியில் எனக்கும் ஈடுபாடு உண்டாயிற்று.

பெட்டியின் நீளம் 21,337 மில்லிமீட்டர். அகலம் 3,245 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் நீளம் 245 மில்லிமீட்டரும் அகலம் 37 மில்லிமீட்டரும் ஆகும். சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். வகுக்க வருவது பத்தரை. அமெரிக்கப் பெட்டிகளின் 36 அங்குலச் சக்கரமும் ஏறத்தாழ இதே அளவினது. ஆகவே, அந்நாட்டுப் பெட்டியொன்றின் சிற்றுருவத்தை விலைக்கு வாங்கி, அதன் சக்கரங்களையும் அவற்றைத் தாங்கும் போகிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஏனையவற்றை அவள் ஒதுக்கிவிட்டாள். இவ்வாறு ஒரு பெட்டியை மற்றொரு பெட்டியாக மாற்றுதல் இக்கலையில் இழுக்கன்று. சக்கரத்தைக் கையாற் கடைவது எல்லார்க்கும் இயல்வதன்று.

சுவர்கள் பிளாஸ்டிக் தகட்டால் ஆயவை. தகட்டைக் கத்தியால் இருமுறை கீறி மெல்ல வளைத்தால் அது கோட்டின்மேல் நேராக முறியும். சன்னல்களை அங்ஙனம் முறிக்க இயலாது; மூலைகளில் முதலிலே துளையிட்டு, மூலையிலிருந்து நடுவை நோக்கி வெட்டுதல் வேண்டும். நடுவிலிருந்து மூலையை நோக்கி வெட்டினால் கத்தி எல்லை கடந்து ஓடிவிடும். சுவரின் உள்ளே இரண்டாவது தகடு ஒன்றையும் ஒட்டவேண்டும். ஒட்டியபின் ஓரிரவு பாரத்தின்கீழ் வையாவிடின் சுவர் வில்லென வளையும். அப்பாரத்திற்கு என் பழைய அகராதி பயன்பட்டது. கூரைக்கு மென்மரம். வேண்டிய வளைவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, மரத்தைத் தேய்ப்பதும் அட்டையைப் பொருத்திப் பார்ப்பதுமாக இரண்டு நாள் கழிந்தன.

ஓட்டத்திற்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று பெட்டியின் எடை. எடை குறைந்தால் பெட்டி தடம் புரளும். மிகுந்தால் எஞ்சின் இழுக்காது. இந்நீளமுள்ள பெட்டிக்கு ஏறத்தாழ 165 கிராம் வேண்டுமென்று அமெரிக்கச் சிற்றுருவ இரயிற் சங்கத்தின் விதியால் கணக்கிடலாம். அவள் இரும்புத் துண்டுகளைத் தரையை ஒட்டி அமைத்தாள். மற்றொன்று போகிகளைப் பொருத்தும் முறை. இரு போகிகளும் முன்பின்னாக அசையலாம். ஆயின் ஒன்று மட்டுமே பக்கவாட்டிலும் சாய இடம் பெறவேண்டும். நாற்காலி மேடுபள்ளமான தரையில் ஆடும், முக்காலி ஆடாது. ஒரு போகி இரண்டு கால்களாகவும், மற்றது ஒரு காலாகவும் நின்றால், பெட்டி முக்காலியாகிவிடுகின்றது.

இத்தனையும் செய்து பெட்டியை ஓடவிட்டபோது, முதல் வளைவிலேயே அது நடைமேடையில் உராய்ந்து நின்றது. குழந்தையின் முகம் வாடிவிட்டது. அளவில் யாதொரு பிழையும் இல்லை. பின்னர் ஏன் இடித்தது?

வட்டமான தட்டொன்றின் விளிம்பின்மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கோலின் இரண்டு புள்ளிகள் விளிம்பின்மேல் நின்றால், அவற்றின் நடுப்பகுதி தட்டின் உள்ளே ஒதுங்கும். முனைகள் வெளியே நீளும். அவ்விரு புள்ளிகளே போகிகள். இப்பெட்டியில் அவற்றின் நடுவிடையே 170 மில்லிமீட்டர் உள்ளது. விலைக்கு வாங்கிய வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். இதனாற் பெட்டியின் நடு உட்புறம் 8 மில்லிமீட்டரும், முனைகள் வெளிப்புறம் 9 மில்லிமீட்டரும் விலகுகின்றன. அவள் நடைமேடைக்கு விட்டிருந்த இடைவெளியோ 5 மில்லிமீட்டர்! பிழை பெட்டியில் இல்லை, வளைவில் இருந்தது. நம் அகலப்பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. 87ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர் ஆகும். வாங்கிய வளைவை 87ஆற் பெருக்கினால் 38 மீட்டரே வரும். அத்தகைய வளைவில் நம் அகலப்பாதை வண்டி எதுவும் ஓடாது.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. அதனைப் பொம்மை இரயில் செய்யும் நிறுவனங்கள் பல கையாண்டுள்ளன: பெட்டியை நீளத்தில் மட்டும் குறைத்துவிடுவது. இப்படுக்கைப் பெட்டியில் ஒன்பது பகுதிகள் உள்ளன. பகுதிக்கு எண்மராக 72 பேர் படுக்கலாம். ஒரு பகுதியை வெட்டி நீக்கி ஒட்டினால், காண்பவருள் பெரும்பாலோர் அறியார். யானும் அதனையே கூறினேன். அவளோ, “தாத்தா, அந்த எட்டுப் பேரும் எங்கே படுப்பார்கள்?” என்று கேட்டாள். எனக்கு விடை தோன்றவில்லை.

எனினும், எல்லா அளவையும் அவளாற் காக்க முடிந்ததென்று எண்ணாதீர்கள். நம் அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர், எச்.ஓ. அளவில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். கடையிற் கிடைக்கும் தண்டவாளமோ மேலை நாடுகளின் பாதைக்கேற்ப 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுடையது. அதனை மாற்றினால் சக்கரம், அச்சு, எஞ்சின் ஆகிய அனைத்தையும் மாற்றவேண்டும். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறைவை அவள் ஏற்றுக்கொண்டாள். முன்னின்று பார்த்தால் பெட்டி சற்றே ஒடுங்கிய காலில் நிற்பதுபோல் தோன்றும். முதலில் எனக்கு இது உடன்பாடாக இல்லை; நீளத்திற்கு ஒரு நீதி, அகலத்திற்கு ஒரு நீதியா என்றேன். பக்கத்திலிருந்து காண்பார்க்கு நீளமும் சன்னல் வரிசையுமே பெட்டியைப் பெட்டியாகக் காட்டுவன என்பதைப் பின்னர் உணர்ந்தேன். எதனை விடுகின்றோம் என்பதைத் தெரிந்து விட்டாள், அறியாது விடவில்லை.

வளைவுக்கு என் செய்தாள் எனில், மேசையின்மேல் இருந்த வட்டத்தையே கலைத்துவிட்டாள். எம் வீட்டுத் தாழ்வாரம் ஒரு மூலையில் திரும்புவது. அதன் ஓரமாக நீண்ட பலகைகளை இட்டு, வளையக்கூடிய தண்டவாளத்தால் அம்மூலையில் இரண்டு மீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு அமைத்தாள். அங்கே பெட்டியின் விலகல் இரண்டு மில்லிமீட்டரினும் குறைவு, நடைமேடை தப்பியது. வண்டி இப்போது சுற்றிச் சுற்றி வருவதில்லை. ஒரு கோடிக்குச் சென்று திரும்பி வருகின்றது. கோயமுத்தூர் வண்டியும் அப்படித்தானே என்றாள்.

வண்ணம் பூசும் வேளை வந்தது. இப்பெட்டிகள் முன்னாளிற் செந்நிறத்தன. பின்னர் நீலநிறம் பெற்றன. யான் கண்ட காலத்தை எண்ணிச் செந்நிறமே பூசினாள். இறுதியாகச் சன்னலுக்கு மேலே மாட்டும் ஊர்ப்பெயர்ப் பலகை. சென்னை – கோயமுத்தூர் என்று அதிற் பொறிக்கும் வேலை தமிழாசிரியன் என்ற முறையில் என்னிடம் வந்தது. பலகையில் ஒன்பது சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். கையால் எழுத இயலாமையின் கணிப்பொறியில் அமைத்து அச்சிட்டோம். எடுத்துப் பார்த்தால், மெய்யெழுத்துகளின் மேலிருந்த புள்ளிகள் மறைந்து, ஊர்ப்பெயர் ‘கோயமுததூர’ என நின்றது! புள்ளியையும் 87இல் ஒரு பங்காகக் குறைத்தால் அது கண்ணுக்குப் புலனாகுமா? புள்ளியை மட்டும் மும்மடங்கு பெருக்கி மறுபடியும் அச்சிடச் சொன்னேன். அளவு கெடுகிறதே என்று அவள் தயங்கினாள். இம்முறை யான் விட்டுக்கொடுக்கவில்லை.